ஓவன் மீன் சரியாக வரவில்லையா? ஸ்டவ்காரரைக் கூப்பிடும் முன் இவற்றைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம், ஓவனோடு சேர்ந்த ஸ்டவ் பழுது பார்ப்பது என் பிழைப்பு. "அங்கிள், ஓவன் சூடே ஏறல, மீன் வேகவே மாட்டேங்குது" என்று வருகிற அழைப்புகளில் பாதிக்கு ஸ்டவ்வில் ஒரு கோளாறும் இருக்காது. மீன் சொட்டச் சொட்ட ட்ரேக்குள் போயிருக்கும், அல்லது ஓவன் முழுச் சூட்டுக்கு வரும் முன்பே உள்ளே தள்ளியிருப்பார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதற்கும் கூலி வாங்கத்தான் வேண்டியிருக்கிறது. அதனால் போனில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் வீட்டுத் தொல்லை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அதற்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கிற காரணம் கடைசியில். நடுவில் எங்கே சரியாகிறதோ அங்கேயே நிறுத்திவிடலாம்.

கீழே சொல்வதெல்லாம் இந்த அளவை வைத்துத்தான்: நான்கைந்து பேருக்கு 800 கிராம் ஹேக் மீன் ஃபில்லெட் (முள் எடுத்த துண்டு), சுமார் 2 செ.மீ. தடிமன். ஓவன் 200 டிகிரி செல்சியஸ், ஃபேன் ஓடுகிற ஓவன் என்றால் 180. நடுத்தட்டு, 12 முதல் 15 நிமிடம். ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்து ஏழு மணிக்குள் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டியவர்களுக்கு இது போதும். கிங்க்ளிப், யெல்லோடெய்ல் துண்டுகளுக்கும் இதே சூடுதான். தடிமனைப் பார்த்து நேரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரேயில் தண்ணீர் நிற்கிறது, மீன் அவித்த மாதிரி இருக்கிறது

எனக்கு அதிகம் வருகிற புகார் இதுதான். வரிசையாகப் பாருங்கள்.

உறைந்த மீனா? கடையில் பெட்டியில் வரும் ஹேக்கின் மேல் மெல்லிய பனிப்பூச்சு ஒன்று இருக்கும். ஃப்ரீசரில் மீன் காய்ந்துவிடாமல் இருக்க அதைப் போடுகிறார்கள். அது அத்தனையும் ட்ரேயில் தண்ணீராகத்தான் இறங்கும். முதல் நாள் இரவே ஒரு வடிகட்டியில் மீனைப் போட்டு, அடியில் கிண்ணம் வைத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். காலையில் கிண்ணத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

இரவு மறந்துவிட்டதா? மீனைக் காற்றுப் புகாத பையில் போட்டு, குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் அரைமணி முதல் ஒரு மணி நேரம் அமிழ்த்துங்கள். நடுவில் தண்ணீரை மாற்றுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், ஓரம் வெந்து நடு கல்லாகவே இருக்கும். காலையில் சிங்கில் போட்டுவிட்டு வேலைக்குப் போவதும் வேண்டாம். டர்பன் ஜனவரியில் அது மதியத்துக்குள் நாறிவிடும். வேக்யூம் பையில் அடைத்த மீன் என்றால் இளகவைக்கும் முன் பையைக் கத்தரியுங்கள், ஃப்ரிட்ஜில் வைத்து இளக்கினாலும் சரி. காற்றில்லாத இடத்தில் வளர்ந்து விஷம் உண்டாக்கும் ஒரு கிருமி வகை ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெல்ல வளரக்கூடியது.

துடைத்தீர்களா? இளகிய மீனை அப்படியே மசாலாவில் புரட்டுகிறார்கள். கிச்சன் பேப்பரை இரண்டு பக்கமும் வைத்து அழுத்தி எடுங்கள். பேப்பர் நனையாமல் வருகிற வரை செய்யுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பல வீடுகளில் தொல்லை தீர்ந்துவிடுகிறது.

உப்பு எப்போது போட்டீர்கள்? காலையிலேயே உப்பும் எலுமிச்சையும் தடவி வைத்தால் மாலைக்குள் மீன் தன் தண்ணீரை விட்டிருக்கும். தப்பில்லை, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி துடைத்து, அதற்குப் பிறகு மசாலா போடுங்கள்.

ட்ரே எப்படி? ஆட்டுக்கால் வறுக்கிற ஆழமான பாத்திரத்தில் மீனை அடுக்கினால் ஆவி வெளியேற வழியில்லை. தாழ்ந்த விளிம்புள்ள தட்டை ட்ரேயில், துண்டுக்குத் துண்டு இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். இடம் போதவில்லை என்றால் இரண்டு முறையாக வையுங்கள். ஃபேன் இல்லாத ஓவனில் மேலும் கீழுமாக இரண்டு ட்ரே வைத்தால் இரண்டும் கெடும்.

மேலே ஃபாயில் மூடினீர்களா? மூடினால் அவியும், அவ்வளவுதான். குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் அப்படித்தான் வேண்டும் என்றால் மூடுங்கள், ஆனால் அதற்குப் பிறகு மொறுமொறுப்பை எதிர்பார்க்காதீர்கள்.

அடியில் வதக்காத தக்காளித் துண்டும் வெங்காயமும் பரப்பினீர்களா? பாதித் தண்ணீர் அவற்றிலிருந்துதான் வருகிறது. 15 நிமிடத்தில் தக்காளி தண்ணீரை விடும், அந்தத் தண்ணீர் வற்ற நேரம் இருக்காது. முதலில் சட்டியில் சுண்டவைத்து, பிறகு ட்ரேயில் பரப்புங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் தண்ணீர் நிற்கிறதென்றால் ஓவன் 200 டிகிரிக்கு வரவில்லை. "ஓவன் சூடேறவில்லை" என்ற தலைப்புக்குப் போங்கள்.

இன்றிரவே சாப்பிட்டாக வேண்டுமே என்றால்: ட்ரேயைச் சாய்த்து அந்தத் தண்ணீரை ஒரு சின்னச் சட்டியில் ஊற்றி, பெரிய தீயில் சுண்டவையுங்கள். மீன் இருக்கிற ட்ரேயை மேல்தட்டுக்கு ஏற்றி, கிரில்லை (மேலிருந்து மட்டும் சுடுகிற நிலை) போட்டு இரண்டு மூன்று நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். சுண்டிய சாற்றை மீன்மேல் ஊற்றிப் பரிமாறலாம். ருசியில் குறை இருக்காது.

மீன் வெந்துவிட்டது, மசாலா பச்சை வாடை அடிக்கிறது

இதற்கு ஸ்டவ்வைக் குற்றம் சொல்லவே முடியாது. குழம்பில் அரைமணி நேரம் கொதிக்கிற இஞ்சி பூண்டும் மிளகாய்த்தூளும் ஓவனில் 15 நிமிடத்தில் வேகாது. மசாலா வேகட்டும் என்று இன்னும் பத்து நிமிடம் விட்டால் மீன் சக்கையாகிவிடும். ஆகவே மசாலாவை முன்பே வேகவைப்பதுதான் வழி.

சட்டியில் மூன்று கரண்டி எண்ணெய், கடுகு, ஒரு கொத்து கறிவேப்பிலை. பொடியாக அரிந்த வெங்காயம் நன்றாகச் சிவக்கட்டும். இஞ்சி பூண்டு விழுது போட்டு வாடை போகிற வரை கிளறி, தீயைக் குறைத்து, விக்டோரியா தெரு மார்க்கெட்டிலோ உங்கள் வழக்கமான கடையிலோ வாங்கிய மீன் மசாலாத்தூளைப் போடுங்கள். தூள் அரை நிமிடத்தில் கருகும். கையில் கெட்டிப் புளிக்கரைசலைத் தயாராக வைத்துக்கொண்டு உடனே ஊற்றுங்கள். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும்போது இறக்குங்கள். ஆறியதும் துடைத்த மீனில் பூசுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இதை ஒரு பாட்டில் செய்து ஃப்ரிட்ஜில் வைத்தால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் ராச்சாப்பாடு சீக்கிரம் முடியும். பாட்டிலுக்குள் ஈரக்கரண்டி போகக்கூடாது. பச்சை மீனைத் தொட்ட கரண்டி கண்டிப்பாகப் போகக்கூடாது. வேண்டியதைத் தனிக்கிண்ணத்தில் எடுத்துவிட்டுப் பூசுங்கள்.

செய்த பிறகும் வாடை இருந்தால் மசாலாத்தூளை மோந்து பாருங்கள். பழைய தூளில் சிக்கு வாடை வந்திருக்கும். புதுப்பொட்டலம் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

மேலே கருகுகிறது, உள்ளே பச்சையாக இருக்கிறது

ஓவனைத் திருப்பிப் போடுகிற கைப்பிடியைப் பாருங்கள். பல ஓவன்களில் கிரில் குறியும் பேக் குறியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், படமும் அழிந்துபோயிருக்கும். மேல் எலிமென்ட் (சூடாக்கும் கம்பி) மட்டும் சிவந்து எரிகிறதென்றால் நீங்கள் கிரில்லில் வைத்திருக்கிறீர்கள்.

அடுத்து, தட்டு. மேலிருந்து ஒரு சாண்கூட இல்லாத உயரத்தில் வைத்தால் எந்த மீனும் கருகும். நடுத்தட்டுக்கு இறக்குங்கள்.

மசாலாவில் இனிப்பு இருக்கிறதா? கடைச் சட்னி, தேன், இனிப்பு சில்லி சாஸ் எல்லாம் மீன் வேகும் முன்பே கருகும். அவற்றைக் கடைசி மூன்று நிமிடத்தில் பூசுங்கள்.

முழுமீனா? தூண்டில்காரர் யாராவது கொண்டுவந்து கொடுக்கிற ஷேட், அல்லது முழு யெல்லோடெய்ல்க் குட்டி என்றால் இரண்டு பக்கமும் முள் வரை மூன்று நான்கு கீறல் போடுங்கள். சூட்டை 180க்கு இறக்கி, நேரத்தைக் கூட்டுங்கள். ஷேட் பிடிக்க அக்டோபரிலும் நவம்பரிலும் தடை. அந்த மாதங்களில் யாராவது "புதுசு" என்று நீட்டினால் வாங்காமலிருப்பது நல்லது.

இவை எதுவும் இல்லை, கேக் வைத்தாலும் மேலே சிவந்து அடி மாவாகவே நிற்கிறதா? அப்படியானால் அடி எலிமென்ட் போயிருக்கும். ஓவனைப் போட்டு ஐந்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்து, எதையும் தொடாமல், அடித்தட்டுக்கு மேலே கையைக் காட்டுங்கள். மேலே மட்டும் அனல், கீழே ஒன்றுமில்லை என்றால் இனிமேல் உங்கள் வேலை இல்லை, ஸ்டவ்காரரைக் கூப்பிடுங்கள். எலிமென்ட் மாற்றுவது பெரிய செலவில்லை. ஸ்டவ்வே போச்சு, புதிது வாங்குங்கள் என்று ஒருவர் சொன்னால் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

வறண்டு நார் நாராக வருகிறது

நேரம் கூடிவிட்டது. மீன் 2.5 செ.மீ. தடிமனுக்கு ஏறக்குறைய 10 நிமிடம் என்று கணக்கு வைத்து, உங்கள் ஓவனுக்கு ஏற்பக் கொஞ்சம் கூட்டுங்கள். நடுவில் கத்தி நுனியைச் செருகி லேசாகத் திருப்பினால் இதழ் இதழாகப் பிரிய வேண்டும், கண்ணாடி போன்ற பளபளப்பு போயிருக்க வேண்டும். இறைச்சி வெப்பமானி இருந்தால் நடுவில் 63 டிகிரி. வெளியே எடுத்த பிறகும் ட்ரே சூட்டில் கொஞ்சம் வேகும். ஆகவே குளிக்கப் போனவர் வருகிற வரை ஓவனுக்குள்ளேயே இருக்கட்டும் என்று விடாதீர்கள்.

வால்பக்கம் மட்டும் வறண்டால் மெல்லிய நுனியை அடியில் மடித்துவிடுங்கள்.

எல்லாத் துண்டும், சொன்ன நேரத்துக்கு முன்பே, எப்போதும் வறண்டுபோகிறதென்றால் ஓவன் காட்டுவதைவிட அதிகம் சூடேறுகிறது. கீழே சர்க்கரைச் சோதனையைப் பாருங்கள்.

மீன் கூழாகிப்போகிறது, கரண்டியில் எடுக்க வரவில்லை

இங்கே பல பேர் தங்கள் கையைக் குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள். முதலில் மூன்று கேள்வி.

எலுமிச்சை, வினிகர், தயிர் போட்டு இரவு முழுக்க ஊறவைத்தீர்களா? புளிப்பு மீனின் மேல்பகுதியை வேகவைக்காமலே வெளுக்கவைத்து, மாவாக்கிவிடும். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பப்பாளிக்காய் விழுது மீனுக்கு வேண்டவே வேண்டாம், அது ஆட்டிறைச்சிக்கு.

இளகின மீனை மறுபடி ஃப்ரீசரில் வைத்து எடுத்தீர்களா? சதை உடைந்துவிடும்.

இரண்டும் இல்லை, மீன் ஸ்னூக் அல்லது ஹேக், வெந்ததும் கஞ்சி மாதிரி ஆகிவிட்டது என்றால் அது மீனோடு வந்த குறை. கேப் பக்கத்து மீனவர்கள் இதை பப் ஸ்னூக் என்பார்கள். குடோவா என்று ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி மீனின் சதையில் இருக்கும். மீன் செத்த பிறகு அது விடுகிற நொதி சதையைக் கரைத்துவிடும். பச்சையாக இருக்கும்போது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. ஓவனில் சூடேற ஏறக் கரைவது வேகமாகும். சாப்பிட்டுவிட்டாலும் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் சாப்பிடத் தோன்றாது. சூட்டை மாற்றியோ மசாலாவை மாற்றியோ இதைச் சரிசெய்ய முடியாது. பொட்டலத்தையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மீன்கடைக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. அடுத்த முறை வாங்கும்போது விரலால் அழுத்துங்கள். பள்ளம் மேலே எழ வேண்டும். விரல் அமுங்கி அப்படியே நின்றால் வேறு மீன் கேளுங்கள்.

கசக்கிறது, அல்லது நாக்கில் சுருக்கென்கிறது

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். ஒன்று அசட்டை, மற்றது ஆபத்து.

கசப்பு என்றால்: முழுமீனில் வயிற்றுக்குள்ளே கறுப்புச் சவ்வு அப்படியே இருக்கிறதா, சுத்தம் செய்யும்போது பித்தப்பை உடைந்து பச்சைக்கறை படிந்ததா என்று பாருங்கள். கறை பட்ட இடத்தை வெட்டி எறிந்தால் மீதி நன்றாக இருக்கும். அது இல்லையென்றால் பூண்டு கருகியிருக்கும், வெந்தயம் கூடியிருக்கும். புளியோ எலுமிச்சையோ போட்ட மீனை வெறும் அலுமினிய ஃபாயிலில் பொதிந்தால் ஒரு உலோகச் சுவை வரும், ஃபாயிலில் சின்னச் சின்ன ஓட்டையும் விழும். மீனுக்கும் ஃபாயிலுக்கும் நடுவில் பேக்கிங் பேப்பர் ஒன்று விரித்துவிடுங்கள்.

மிளகாய் போடாத குழந்தையின் துண்டிலும் நாக்கு எரிகிறது, மிளகு கடித்த மாதிரி சுருக்கென்கிறது என்றால் உடனே எல்லார் தட்டையும் எடுத்துவிடுங்கள். யெல்லோடெய்ல், சூரை, ஸ்னூக், ஷேட், மத்தி இந்த மாதிரி மீன்கள் பிடித்த பிறகு ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும். பார்க்கவும் மோக்கவும் மீன் நன்றாகவே இருக்கலாம். வேகவைத்தாலும், ஃப்ரீசரில் வைத்தாலும், வினிகரில் ஊறவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும், தடிப்பு வரும், வயிறு கலங்கும். பெரும்பாலும் தானே அடங்கும் என்றாலும் டாக்டரிடமோ மருந்துக்கடையிலோ கேளுங்கள். மூச்சுத் திணறல், உதடு நாக்கு வீக்கம், மயக்கம் இருந்தால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸ் எண் 10177க்கு, மொபைலிலிருந்து என்றால் 112க்கு, அழையுங்கள். மீதி மீனைத் தூக்கி எறியாமல் பையில் கட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். டாக்டர் கேட்கலாம், கடையில் காட்டவும் வேண்டும்.

ட்ரேயில் ஒட்டிக்கொள்கிறது

பேக்கிங் பேப்பர் போடுங்கள். மெழுகுத் தாள் வேறு, அது ஓவனில் புகையும். அதோடு ட்ரேயையும் ஓவனோடு சேர்த்துச் சூடாக்கிவிட்டு அதன்மேல் மீனை வைத்தால் அடி சட்டென்று இறுகிவிடும். அவ்வளவுதான்.

ஓவன் சூடேறவில்லை, அல்லது சூடு பற்றவில்லை

இனி என் தொழில். ஆனாலும் முதல் நாலு படி உங்களுடையது.

கடிகாரம் மின்னுகிறதா? மின்சாரம் போய்வந்த பிறகு டிஜிட்டல் கடிகாரம் உள்ள பல ஓவன்கள் நேரத்தைத் திருத்தாமல் சூடேறவே மாட்டா. விளக்கு எரியும், ஃபேன்கூட ஓடும், எலிமென்ட் மட்டும் வராது. நேரத்தைச் சரிசெய்து, கைக்குறி போட்ட மேனுவல் நிலைக்குக் கொண்டுவாருங்கள். 2023இல் மின்சார நிறுவனமான எஸ்காம் நாளுக்கு இரண்டு மூன்று தடவை மின்சாரத்தை நிறுத்திய காலத்தில் எனக்கு வந்த அழைப்புகளில் பெரும்பகுதி இதற்குத்தான். போனிலேயே சரிசெய்துவிட்டு ஒரு நன்றியோடு முடித்துக்கொள்வேன்.

சுவரில் உள்ள ஸ்டவ் ஐசோலேட்டர் (ஸ்டவ்வுக்கான தனி மெயின் சுவிட்ச்) அணைந்திருக்கிறதா? வீட்டு டிபி போர்டில் (சுவிட்சுகள் எல்லாம் இருக்கிற மின்பெட்டி) ஸ்டவ் சுவிட்ச் கீழே விழுந்திருக்கிறதா? பாருங்கள்.

முன்சூடு எவ்வளவு நேரம்? கைப்பிடியைத் திருப்பி ஐந்து நிமிடத்தில் மீனை வைக்கிறார்கள். சூடேறுவதைக் காட்டுகிற சின்ன விளக்கு அணைந்த பிறகும் ஐந்து நிமிடம் விடுங்கள். மொத்தம் 15 முதல் 20 நிமிடம் ஆகும். ப்ரீபெய்ட் யூனிட் போகிறதே என்று இங்கே மிச்சம் பிடித்தால் பின்னால் மீன் வேகாமல் அதைவிட அதிகம் போகும். அதுவரை மசாலாவைச் சட்டியில் வேகவைத்துக்கொள்ளுங்கள், நேரமும் வீணாகாது.

கதவு இறுக்கமாக மூடுகிறதா? கதவுக்கும் ஓவனுக்கும் நடுவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக உருவி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் போய்விட்டது. உங்கள் மாடலைச் சொல்லி ரப்பர் வாங்கினால் பல ஓவன்களில் நீங்களே கொக்கி மாட்டிப் பொருத்தலாம்.

இப்போது சூடு உண்மையா பொய்யா என்று பார்க்க வேண்டும். தட்டில் தொங்கவிடுகிற ஓவன் வெப்பமானி வாங்கினால் நல்லது. இல்லாவிட்டால் சர்க்கரை. ஃபாயிலில் ஒரு சின்னக் கரண்டி வெள்ளைச் சர்க்கரையை நடுத்தட்டில் வையுங்கள். நன்றாகச் சூடேறிய ஓவன், கைப்பிடி 175இல், கால்மணி நேரம்: சர்க்கரை உருகக்கூடாது. உருகினால் ஓவன் காட்டுவதைவிட அதிகம் சூடாகிறது. புதுச் சர்க்கரையோடு 190இல் இன்னொரு கால்மணி: இப்போது உருக வேண்டும். உருகவில்லையென்றால் சூடு குறைவு. சர்க்கரை உருகுகிற அளவு ஏறக்குறைய 186 டிகிரி, அதனால் இந்தச் சோதனை செல்லும்.

வெப்பமானி வைத்துப் பார்ப்பவர்கள் முள் ஏறி இறங்குவதைக் கண்டு பயப்பட வேண்டாம். சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் எலிமென்ட்டை அணைத்து அணைத்துத்தான் போடும். 15 டிகிரி அப்படியும் இப்படியும் போவது வழக்கம். அரைமணி நேரம் பார்த்து நடுக்கணக்கு எடுங்கள். எப்போதும் 20 டிகிரி குறைவு என்றால் கைப்பிடியை 220இல் வைத்துச் சமைத்துக்கொள்ளலாம், பழுது பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. நான் போகிற வீடுகளில் ஒரு பாட்டி பத்து வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறார், மீனும் பிரமாதமாக வருகிறது.

40, 50 டிகிரி தவறினாலோ, நாளுக்கு ஒரு மாதிரி மாறினாலோ, நிற்காமல் சூடேறிக்கொண்டே போனாலோ நிறுத்திவிட்டு ஸ்டவ்காரரைக் கூப்பிடுங்கள். தெர்மோஸ்டாட், எலிமென்ட், பாதுகாப்புக் கட்-அவுட், கடைசியாக டைமர் போர்டு என்று செலவு ஏறும். 230 வோல்ட்டில் 2000 வாட் எலிமென்ட் நல்ல நிலையில் சுமார் 26 ஓம் காட்டும். உங்கள் கண்முன் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. அளக்காமல் மாற்றுகிறவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

பின்பக்கத் தகட்டை நீங்களே கழற்ற வேண்டாம். ஐசோலேட்டரோ சுவர் வயரோ மாற்ற வேண்டி வந்தால் அது பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் வேலை, வேலை முடிந்ததும் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். கேஸ் ஓவனில் வாடை வந்தால் சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து, பதிவுபெற்ற கேஸ்காரரை அழையுங்கள். சோப்பு நுரை வைத்துத் தேடுகிற வேலையெல்லாம் அவருக்கு விடுங்கள்.

ஓவனைப் போட்டதும் எர்த் லீக்கேஜ் விழுகிறது

மின்சாரம் கசிந்தால் வெட்டிவிடுகிற எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்து வீடே இருண்டுவிடுகிறதா? ஸ்டவ் ஐசோலேட்டரை அணையுங்கள், பிறகு எர்த் லீக்கேஜைத் தூக்குங்கள். நின்றால் குற்றம் ஸ்டவ்வில். நிற்கவில்லையென்றால் கெட்டிலோ கீசரோ, வேறெங்கோ தேட வேண்டும்.

ஸ்டவ் என்று தெரிந்தால் பெரும்பாலும் எலிமென்ட்டுக்குள் ஈரம் ஏறியிருக்கும், அல்லது உறையில் கீறல் விழுந்திருக்கும். உள்ளே அடைத்திருக்கிற வெள்ளைத்தூள் ஈரத்தை இழுக்கும். கடலோரக் காற்று, மாதக்கணக்கில் போடாத ஓவன், நேற்று நிறைய தண்ணீர் விட்டுக் கழுவியது என்று காரணம் சொல்ல ஏதாவது இருக்கும். திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்காதீர்கள். ஒரு தடவை சோதித்தது போதும், ஐசோலேட்டரை அணைத்தபடி வைத்துக் கூப்பிடுங்கள். அந்த இரவுக்கு மீனை வாணலியில் மூடிபோட்டுச் சமையுங்கள்.

பாதி வெந்தபோது மின்சாரம் போய்விட்டது

ஓவன் கதவைத் திறக்காதீர்கள். பத்து நிமிடம் ஏற்கெனவே வெந்திருந்தால் உள்ளே இருக்கிற சூடே இன்னொரு கால்மணியில் ஃபில்லெட்டை முடித்துவிடும். வைத்து இரண்டு மூன்று நிமிடமே ஆனதென்றால் கேஸ் அடுப்புக்கு மாற்றி வாணலியில் முடியுங்கள். கேஸும் இல்லை, மின்சாரம் எப்போது வருமென்றும் தெரியவில்லை என்றால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அரைவேக்காட்டு மீன் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, 32 டிகிரிக்கு மேல் போகிற வெயில் நாளில் ஒரு மணி நேரம்தான்.

ஐசோலேட்டரை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். மின்சாரம் திரும்புகிற நொடியில் வருகிற ஏற்றத்தில்தான் டைமர் போர்டுகள் போகின்றன.

ஓவனில் மீன் வாசம் போகவில்லை, நாளை விரதம்

புரட்டாசி பிறக்கும் முன்னும் காவடி விரதத்துக்கு முன்னும் வருகிற கேள்வி. வாசம் காற்றில் இல்லை, தெறித்த எண்ணெயில் இருக்கிறது. வெறும் எலுமிச்சைத் தோலை வைத்துச் சூடேற்றினால் அன்றைக்கு மறையும், அடுத்த தடவை ஓவனைப் போட்டதும் திரும்பிவிடும்.

கைபொறுக்கிற சூட்டில் இருக்கும்போது சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் எண்ணெயைத் துடையுங்கள். ஒட்டிப்பிடித்த இடத்தில் சோடாமாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவி இரவு விடுங்கள். காலையில் வினிகர் தோய்த்த துணியால் எடுங்கள். பிறகு ஓவனை வெறுமனே 200இல் இருபது நிமிடம் ஓடவிட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஸ்ப்ரே கிளீனரை எலிமென்ட்டின் மேலும் ஃபேன் மேலும் அடிக்காதீர்கள். தட்டுகளையும் அவற்றைத் தாங்குகிற பக்கக் கம்பிகளையும் வெளியே எடுத்துக் கழுவுங்கள்.

இவ்வளவு செய்தும் வாசம் வருகிறதென்றால் கதவு ரப்பரின் மடிப்பை விரலால் பிரித்துப் பாருங்கள். மீன் எண்ணெய் அங்கேதான் தேங்கி நிற்கும். பல் துலக்கும் பழைய பிரஷை வெந்நீரும் சோப்பும் தொட்டு மடிப்புக்குள் ஓட்டுங்கள். அதற்கும் போகாவிட்டால் ரப்பரை மாற்றிவிடலாம்.